"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டதும் விட்டுப்போகும் பரிசோதனைகள்

புறநோயாளிச் சீட்டில் பெயர், வயதுக்கு அடுத்து பெண்களிடம் கேட்பது "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதைத்தான். உடலுறவு உண்டா என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு நம் ஊர் கண்டுபிடித்த மறைமொழி அது. சேலத்தில் தனியாக அறை எடுத்து வேலைக்குப் போகும் பெண் "இல்லை" என்றால் கருப்பை வாய்ப் பரிசோதனை பேச்சிலேயே வராது. "ஆயிடுச்சு" என்றால் அடுத்த கேள்விகள் கணவரைப் பற்றியே இருக்கும். பெண்ணை நேசிக்கும் பெண் இரண்டு பதிலிலும் விடுபட்டுப் போகிறார்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். அது பரவ ஆண் தேவையில்லை. பிறப்புறுப்புத் தோல் உரசினாலே போதும். விரல் வழியாகவும், பகிர்ந்துகொள்ளும் பாலியல் சாதனம் வழியாகவும் போகும். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே கட்டாயக் கல்யாணத்திலிருந்து பத்து வருடம் முன்பே விலகி வந்தவருக்கும் பரிசோதனை வேண்டும்.

30 வயது முதல் 65 வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமில்லை. கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறுதல் கண்ட இடம் வெளுக்கும். வெளுத்தாலே புற்று என்று பதறிவிட வேண்டாம். கால்போஸ்கோப் என்ற, பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதித்த பிறகே முடிவு சொல்ல முடியும். மாதவிடாய் நின்ற பிறகு, கருப்பை வாயில் மாறுதல் தோன்றும் பகுதி உள்ளே இழுத்துக்கொள்வதால் இந்த முறை சரியாகக் காட்டாது, அவர்களுக்கு ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைதான் நல்லது.

தீட்டு நாட்களில் போக வேண்டாம். முந்தைய 2 நாள் உள்ளே மாத்திரை, க்ரீம், உறவு எதுவும் வேண்டாம். ஆணோடு உறவே இல்லாதவருக்கு, உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி வலிக்கலாம். சின்ன அளவு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். டி.என்.ஏ. பரிசோதனைக்கு மாதிரியை நீங்களே எடுக்கலாம்: பஞ்சுக்குச்சியை சுமார் 5 செ.மீ. உள்ளே விட்டு, சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடினால் போதும். ஏற்காட்டுத் தோட்டத்தில் வேலை செய்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. அவருக்கு இது பெரிய உதவி. எந்த ஆய்வகம் வாங்கிக்கொள்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்வது? "எனக்குத் துணை ஒரு பெண்தான், உறவு உண்டு" என்பது நேர் வழி. அதற்கு மனம் வராவிட்டால், "உடலுறவு உண்டு, கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லை, 30 தாண்டிடுச்சு, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும்" என்றாலும் வேலை நடக்கும். ஊர் செவிலியர் அம்மாவுக்குத் தெரிந்தவர் என்ற பயம் நியாயமானதே. அப்படியானால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வந்துவிடலாம்.

பெண் ஜோடிகளிடம் அதிகம் பார்ப்பது பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற பிறப்புறுப்புக் கோளாறு. மெல்லிய சாம்பல் வெள்ளைப்படுதல், மீன் கவிச்சி. பிறப்புறுப்பின் அமிலத்தன்மையைக் காக்கும் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமி குறைந்துபோவதே காரணம். நாற்றம் தாங்காமல் சோப்பு, டெட்டால் விட்டு உள்ளே கழுவுகிறார்கள். மிச்சமிருக்கும் நல்ல கிருமியும் அதில் செத்து, நாற்றம் கூடுகிறது. வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் 400 மி.கி., காலை இரவு 7 நாள். மூன்றாம் நாளே நாற்றம் போய்விடும், அங்கேயே நிறுத்தினால் திரும்ப வர வாய்ப்புண்டு. மருத்துவரைப் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். துணைக்கும் அறிகுறி இருந்தால் இருவரும் சேர்ந்தே காட்டுங்கள்.

சாதனத்துக்கு ஆணுறை போட்டு, ஆள் மாறும்போது உறையையும் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. லேடெக்ஸ் சில நிமிடத்திலேயே வலுவிழக்கும். நீர் சார்ந்த ஜெல் பயன்படுத்துங்கள். வாய்வழி உறவுக்கு, ஆணுறையை விரித்து நுனியையும் வளையத்தையும் வெட்டி, நீளவாக்கில் கத்தரித்தால் நடுவே தடுப்பாக வைக்க ஒரு விரிப்பு கிடைக்கும். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம்.

பிள்ளை பெறாதவர், பாலூட்டாதவருக்கு மார்பகப் புற்று அபாயம் சற்றுக் கூடுதல். 30 வயதுக்கு மேல் செவிலியரிடம் மார்பகத்தையும் காட்டிவிடுங்கள். கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு இருந்தால் வயது பார்க்க வேண்டாம்.

"மாற்றிவிடலாம்" என்று வீட்டார் மருத்துவரிடமோ சாமியாரிடமோ இழுத்துப் போவது இன்னும் நடக்கிறது. பெண்ணைப் பெண் நேசிப்பது நோயல்ல, மாற்றும் சிகிச்சை என்று ஒன்றும் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், இரண்டு இளம்பெண்களின் வழக்கிலேயே, அத்தகைய முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. தூக்கமின்மை, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, மனநலச் சிகிச்சையில் உங்களுக்காகப் பேசும் பிரதிநிதியாக யாரையும் நீங்கள் நியமிக்கலாம். அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சம்மதமும் இருக்க வேண்டும். ரத்த உறவு தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பிரதியைத் துணையிடம் கொடுத்து வையுங்கள்.