பெருங்குடலுக்குப் படியளக்கும் பாக்டீரியாக்கள்

"ஆன்டிபயாடிக் முடிச்சதுலேர்ந்து வயிறே சரியில்ல டாக்டர், ஒரு புரோபயாடிக் எழுதிக் குடுங்க." உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மருந்தான புரோபயாடிக்கை இப்படிக் கேட்டு வருபவர்களிடம், நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி ரவா உப்புமா. கீரை, சுண்டல் எல்லாம் வாயு என்று நிறுத்தியாகிவிட்டது. ஆன்டிபயாடிக்குக்குத் தப்பிக் குடலில் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டுவிட்டு, வெளியிலிருந்து புதிதாக ஆள் சேர்க்கப் பார்க்கிறோம்.

சிறுகுடலில் செரிக்காத நார்ச்சத்தும், எளிதில் செரிக்காத மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. முக்கியமானவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். ஏறக்குறைய 60:20:20 என்ற விகிதம். அசிட்டேட் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது. புரோப்பியோனேட்டின் பெரும்பகுதி கல்லீரலுக்கு. பியூட்டிரேட் குடலிலேயே செலவாகிவிடும். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கான ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

இது ஒரே கிருமியின் வேலையில்லை. ரூமினோகாக்கஸ் புரோமி என்ற பாக்டீரியா கடினமான மாவுச்சத்தை உடைக்கும். மற்றவை வெளியிடும் அசிட்டேட்டை எடுத்து, ஃபீகலிபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா பியூட்டிரேட் ஆக்கும். ஒரு கேப்ஸ்யூலில் இரண்டு மூன்று இனங்களை அடைத்துக் கொடுத்து இந்தக் கூட்டு வேலையை நடத்திவிட முடியாது.

இந்த அமிலங்களின் பலத்தைக் காட்டிய ஆய்வு ஒன்று நம் வேலூரில் நடந்தது. பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரை) கரைசலில் உள்ள குளுக்கோஸ், சிறுகுடலில் உப்பையும் நீரையும் உறிஞ்சவைக்கும். பெருங்குடலில் அந்த வேலையைச் செய்பவை இந்தக் கொழுப்பு அமிலங்கள். அதை வைத்து சி.எம்.சி. மருத்துவர்கள், காலரா நோயாளிகளுக்குக் கொடுத்த கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். வழக்கமான கரைசல் குடித்தவர்களைவிட இவர்களுக்கு மலத்தின் அளவும் குறைந்தது, பேதியும் சீக்கிரம் நின்றது. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் ஆய்வு இது. (இதைப் படித்துவிட்டு வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு எதையும் கலக்காதீர்கள்.)

அதே வகை மாவுச்சத்து வாழைக்காயில் தாராளமாக இருக்கிறது. ஆறவைத்த சோற்றிலும் கொஞ்சம் கூடும். அதற்காகச் சர்க்கரை உள்ளவர்கள் பழைய சோற்றை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். கூடுவது சொற்பம்தான். தட்டப்பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, அவரை, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை 2,000 கலோரிக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து. மேலே சொன்ன இட்லி, ரசம் சாதப் பட்டியல் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

வாயுத் தொந்தரவுக்குப் பயந்து அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு ஸ்பூன் சுண்டல் போதும். வயிறு பழகப் பழகக் கூட்டலாம், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். குடல் சுருக்கம் (குடல் பாதை குறுகிப்போவது) உள்ளவர்கள், அண்மையில் குடல் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், பெருங்குடலில் புண் ஏற்படும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தீவிரமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டத் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் பேதி இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பரிசோதனைக்கு வாருங்கள்.