பட்டாளத்துப் பழைய ரைஃபிளை வண்டியில் வைப்பதற்கு முன்

“அண்ணே, வண்டியிலேயே கிடக்கிற மாதிரி குட்டையா, மலிவா, பட்டாளத்துல கழிச்சுப் போட்ட ரைஃபிள் ஒண்ணு சொல்லுங்க.”

டெக்சாஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆஸ்டின், டாலஸ் பக்கம் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கி வேலி போட்டு ஆடு வளர்ப்பவர்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் நிலத்தை உழுதுபோட்ட மாதிரி கிளறிவிட்டுப் போகிறது. கயோட்டி என்னும் நரி மாதிரியான காட்டுநாய் ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் பிக்கப் டிரக்கில் ரைஃபிள் வைத்திருப்பதைப் பார்த்ததும் இவர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது. தேவை நியாயமானதுதான். ஆனால் எல்லோரும் நீளத்தையும் விலையையும் மட்டுமே கேட்கிறார்கள். இந்த ரைஃபிளைச் சுடப்போவது வருஷத்தில் சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் அது வெயிலிலும் குலுக்கலிலும் ஆளில்லாத வண்டியில் கிடக்கப் போகிறது. அந்தக் கிடக்கும் நேரத்துக்கு எது ஆபத்தில்லாதது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்திய ராணுவத்தில் 17 வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவனாக இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். அங்கே ஒவ்வொரு துப்பாக்கியும் மாலையில் கோத் எனப்படும் ஆயுத அறைக்குத் திரும்பி, எண்ணிப் பார்த்துப் பூட்டப்படும். இங்கே அந்த கோத் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். நீங்கள் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். மாநில அரசு தரும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் அல்ல. கிரீன் கார்டு உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தந்தால் இரண்டு பேருமே மாட்டுவீர்கள். வாங்கும் படிவத்தில் முதலில் கேட்பதே ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்பதுதான். கிரீன் கார்டுக்காரருக்கும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்றால் நாடு கடத்தும் நடவடிக்கை வரலாம். “ஒருநாள் என் டிரக்குல இருக்கட்டும்” என்று நண்பரின் ரைஃபிளை ஏற்றிக்கொண்ட ஒரு தம்பி, ரோட்டில் போலீஸ் நிறுத்திய பிறகு என்னிடம் வந்து அழுதார். நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

இனி ரைஃபிளுக்கு வருவோம். ‘மலிவு’ என்பது பழைய கதை. 2000களில் ரஷ்ய மோசின் நாகான்ட் ரைஃபிள்கள் மரப்பெட்டியில் அடுக்கடுக்காக வந்து 100 டாலருக்குள் விற்றன. இப்போது அதைப்போல நாலைந்து மடங்கு கேட்கிறார்கள். சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதி 1994இல் நின்றது. ரஷ்யத் தோட்டாக்களுக்கு 2021இல் தடை வந்தது. துப்பாக்கியை மலிவாக வாங்கினாலும் தோட்டாவில் அந்தக் காசு போய்விடுகிறது. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க எம்1 கார்பைன் என்னும் குட்டை ரைஃபிள் இரண்டரைக் கிலோதான், 36 அங்குலம்தான், வண்டிக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் இன்று அது சேகரிப்பாளர் பொருள். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி டிரக்கின் தூசியில் போட யாருக்கும் மனசு வராது.

அதனால் கேட்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் எஸ்கேஎஸ்ஸில். 1945இல் சோவியத் வடிவமைப்பாளர் சிமோனோவ் வடிவமைத்த ரைஃபிள் அது. 40 அங்குலம், பத்துத் தோட்டா, ஒவ்வொரு விசை இழுப்புக்கும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உழைக்கும் துப்பாக்கி, எனக்கும் பிடிக்கும். ஆனால் வண்டியில் வைக்க நான் அதைச் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுடுகளத்தில் எனக்குப் பக்கத்து மேசை. புதிதாக வாங்கிய எஸ்கேஎஸ்ஸில் தோட்டாப் பட்டையை அழுத்தி இறக்கிவிட்டு, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் எஃகுத் துண்டான போல்ட்டை விட்டார் ஒருவர். விசையில் விரலே இல்லை. போல்ட் முன்னால் போய் மூடிய கணத்தில் டமார் டமார் என்று மூன்று குண்டு கிளம்பிவிட்டது. குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் கை நடுக்கம் நிற்கவே வெகுநேரம் ஆனது. பிரித்துப் பார்த்தால் காரணம் எளிது. கிடங்கில் பல பத்தாண்டு துருப்பிடிக்காமல் இருக்க காஸ்மோலின் என்னும் கெட்டிக் கிரீஸில் முக்கி வைப்பார்கள். பெரும்பாலான எஸ்கேஎஸ்ஸில் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள் சும்மா முன்னும் பின்னும் ஓடும். கிரீஸ் இறுகி ஊசி முன்பக்கம் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும்போதே அது தோட்டாவின் அடியில் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பிரைமரைக் குத்திவிடும். வாங்கியவர் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்திருந்தார், போல்ட்டைப் பிரிக்கவில்லை. போல்ட்டைத் தனியாகக் கழற்றி, ஊசியை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, திரும்பக் கோத்துக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். ஊசி கலகலவென்று ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதில் தோட்டா போடாதீர்கள். டெக்சாஸ் கோடையில் மூடிய வண்டிக்குள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் மரத்துக்குள் ஊறிய பழைய கிரீஸ் கசிந்து வெளியே வரும், அதில் தூசி சேர்ந்து பசையாகும். ஒருமுறை கழுவியதோடு வேலை முடியாது.

வண்டிக்கு நான் சொல்வது போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிள். காரணம் ஒன்றுதான்: போல்ட்டை முழுசாக வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். மோசினில் விசையை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும். ஜெர்மன் மவுசர் வகை ரைஃபிளில் இடதுபக்கத் தடையைத் திறந்தால் போதும். போல்ட் இல்லாத ரைஃபிள் சுடாது. குழந்தை எடுத்தாலும் சுடாது, திருடன் எடுத்தாலும் அன்றைக்குச் சுடாது. சட்டத்தின் பார்வையில் அது அப்போதும் துப்பாக்கிதான், பூட்டி வைக்கும் கடமை போகாது. இன்னொன்று: போல்ட்டில் உள்ள எண்ணும் ரைஃபிளின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பட்டாளத்து ரைஃபிள்களில் எதையோ எதிலோ மாட்டி விற்பது சாதாரணம். போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி கூடினால் தோட்டாக் கூடு கிழிந்து வாயு முகத்தில் அடிக்கும். எண் ஒத்துப்போனாலும் அந்த இடைவெளியைக் கேஜ் என்னும் அளவுகருவி வைத்து ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். பட்டறையில் சில நிமிட வேலை அது.

மோசினில் குட்டையானவை எம்38, எம்44. எம்44இல் மடக்கும் பயனட் கத்தி குழலோடு சேர்ந்தே இருக்கும். நீளம் 40 அங்குலம் என்றாலும், பெரிய ரைஃபிளுக்கென்று செய்த தோட்டாவைக் குட்டைக் குழலில் சுடுவதால் நெருப்பு பந்துபோல் வெளியே வரும், தோளில் இடிக்கும். காது அடைப்பான் இல்லாமல் சுட்டால் செவிக்குக் கேடு நிச்சயம். அதன் சேஃப்டியும், அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் அமைப்பும், பின்குமிழை இழுத்துத் திருப்புவது. குளிரில் விரலுக்கு வராது. அதனால்தான் தோட்டாவை சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராக ஏற்றி சேஃப்டியை நம்பி வண்டியில் வைப்பது கூடவே கூடாது என்கிறேன். எழுபது எண்பது வருஷம் தேய்ந்த விசைக்கொக்கி, கல்ரோட்டின் குலுக்கலைத் தாங்கும் என்று எந்த ஆர்மரரும் உறுதி தரமாட்டார்.

நம்மவர்களுக்கு மனசு போவது திரி நாட் திரி (.303 லீ என்ஃபீல்ட் ரைஃபிள்) மேல். ஊரில் போலீஸ் தோளில் பார்த்தது, என்.சி.சி.யில் சுமந்தது. அதன் குட்டை வடிவம் ‘ஜங்கிள் கார்பைன்’ எனப்படும் நம்பர் 5. இங்கிலாந்தில் 1944 முதல் 1947 வரை செய்தார்கள். மூன்றேகால் கிலோ, முனையில் புனல் மாதிரி ஒரு நெருப்படக்கி. சந்தையில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பல, பெரிய ரைஃபிளை இங்கே அறுத்துக் குட்டையாக்கியவை. எல்லாவற்றையும் பிடிக்காவிட்டாலும், பலவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அசல் நம்பர் 5இல் குறிபார்க்கும் பின் சைட் போல்ட்டுக்கு மேலே, கண்ணுக்குப் பக்கத்தில் துளையோடு இருக்கும். குழலின் மேல், கைக்கு முன்னால் சைட் இருந்தால் அது அறுத்தது. அப்படி அறுக்கப்பட்டவற்றில் நம் இஷாப்பூர் அரசு துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 ரைஃபிள்களும் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 நேட்டோ தோட்டாவுக்காக மேலான எஃகில் வடித்தவை. முதன்முதலாக இங்கே ஒரு மேசையில் இஷாப்பூர் முத்திரையைப் பார்த்தபோது விரலால் தடவிக்கொண்டே நின்றேன். அறுத்தது நல்ல வேலையாக இருந்தால் அது வண்டிக்குப் பொருத்தமான ரைஃபிள்தான். அசல் என்று நம்பி இரட்டை விலை கொடுக்காமல் இருந்தால் போதும். .303 தோட்டாவும் 7.62 தோட்டாவும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. நீங்களே அறுக்க நினைக்காதீர்கள்: ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டிப் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் பெருங்குற்றம்.

தகர டப்பாவில் வரும் பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் குழலுக்குள் உப்பு படியும், அது காற்றின் ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் துருவாக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். துப்பாக்கியில் தண்ணீரா என்று முகம் சுளிப்பவர்களுக்காகப் பட்டறையில் துருவேறிய ஒரு குழலை வைத்திருக்கிறேன், உள்ளே பார்க்கச் சொல்வேன்.

திருட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2015இல் கலிஃபோர்னியாவில், மத்திய அரசு ரேஞ்சர் ஒருவர் நிறுத்தியிருந்த காரிலிருந்து கைத்துப்பாக்கி திருடுபோனது. சில நாள் கழித்து ஜூலை 1 அன்று, சான் பிரான்சிஸ்கோ கடல்துறையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் உயிரை அந்தத் துப்பாக்கியின் குண்டு குடித்தது. பயிற்சி பெற்ற அதிகாரியின் வண்டியிலேயே அப்படி என்றால், ஐ.டி. அலுவலகத்து வாகன நிறுத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் உங்கள் டிரக்கை நினைத்துப் பாருங்கள். பின்கண்ணாடியில் ரைஃபிள் மாட்டி வைப்பது, துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். பூட்டிய பெட்டி, அதை வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு பிணைக்கும் எஃகு வடம், இரண்டும் வேண்டும். ராத்திரி கட்டாயம் வீட்டுக்குள்.

சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளி நிறைய ஊர்களில் வாடகைப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கிறது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கிக்கு மத்திய அரசின் தடை உண்டு. தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியிலோ பூட்டிய தாங்கியிலோ இருந்தால் விலக்கு. பள்ளி வளாகத்துக்குள்ளேயே போவதென்றால் மாநிலச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பிள்ளையை இறக்கிவிடப் போகிற வண்டியில் அது இல்லாமலே போங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விடுவது தனிக் குற்றம்.

தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கடைசியாக என்னிடம் கேட்ட ஒருவர் போன வாரம் வந்தார். எஸ்கேஎஸ் யோசனையை விட்டுவிட்டு, அறுத்த இஷாப்பூர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். வாங்குவதற்கு முன் போல்ட் கைப்பிடியின் எண்ணைச் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார், நான் உடலில் இருந்த எண்ணை வாசித்தேன். கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை. வேறொன்று வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.