பாதரச பி.பி. கருவி எல்லை தாண்டலாமா? மினமாட்டா உடன்படிக்கை சொல்வது என்ன

கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்கும் பழைய பி.பி. கருவியைத் தயாரிக்கவோ, ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் அனுமதிக்கக் கூடாது. 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை இது. இந்தக் கருவிக்கு வைத்த கெடு 2020-லேயே முடிந்துவிட்டது.

அவகாசம் வேண்டும் என்று முறைப்படி பதிவு செய்த நாட்டுக்கு 2025 வரை 5 ஆண்டு கிடைத்தது. உறுப்பு நாடுகளின் மாநாடு சம்மதித்தால் இன்னும் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். 2030-க்குப் பிறகு எவருக்கும் இந்த அவகாசம் இல்லை. வாங்கும் நாட்டுக்கு அவகாசம் இருந்தால் மட்டும் போதாது. அனுப்பும் நாட்டுக்கும் இருக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியில் இருப்பது சுமார் ஒரு கிராம். பி.பி. கருவி ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். குழாய் உடைந்தால் சிறு சிறு மணிகளாக உருண்டு தரையின் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றைத்தான் நோயாளியும் செவிலியரும் சுவாசிக்கிறார்கள்.

அதிகம் பேர் தவறுவது நன்கொடையில். டிஜிட்டலுக்கு மாறிய மருத்துவமனை, பழைய பாதரசக் கருவிகளை வேறு நாட்டு மருத்துவமனைக்கு இலவசமாக அனுப்ப நினைக்கும். நல்லெண்ணம்தான், ஆனால் காசு வாங்காவிட்டாலும் எல்லையைத் தாண்டினால் அது ஏற்றுமதியே. கையில் இருப்பதை உள்நாட்டில் தொடர்ந்து பயன்படுத்துவதை உடன்படிக்கை தடுக்கவில்லை, உள்நாட்டுச் சட்டம் தடுக்கலாம். கழிவாக வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், ஆபத்தான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை குறுக்கே வரும்: பெறும் நாட்டின் எழுத்துபூர்வ முன்சம்மதம் இல்லாமல் சரக்கு நகரக் கூடாது.

அளவுத்திருத்தத்துக்கும் (மற்றக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கும்) ஆய்வுக்கும், ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படைக் கருவியாக வைத்துக்கொள்வதற்கும் விலக்கு உண்டு. வார்டுகளுக்கு 50 கருவி வாங்கிவிட்டு அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது.

சுங்கத்தில் சிக்கல் வருவது சரக்கின் வகையைச் சொல்லும் குறியீட்டு எண்ணால். திரவ வெப்பமானிக்கு 9025.11 என்று தனி எண் உண்டு. பி.பி. கருவிக்கோ பாதரசம், அனிராய்டு (முள் நகர்ந்து காட்டும் வகை), டிஜிட்டல் எல்லாமே உலகப் பொதுவான ஆறு இலக்கத்தில் 9018.90-க்குள் அடங்கிவிடுகின்றன. எண்ணைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே இன்வாய்ஸில் வெறுமனே ‘மருத்துவக் கருவி’ என்று எழுதாதீர்கள். மாடல் எண், அளக்கும் முறை, ‘பாதரசம் இல்லாதது’ என்ற மூன்றும் இருக்கட்டும். தயாரிப்பாளரின் கடிதத்தையும் இணையுங்கள். திரையில் தெரியும் ‘மி.மீ. பாதரசம்’ என்பது அலகின் பெயர் மட்டுமே, பாதரசமே இல்லாத கருவியும் அந்த அலகில்தான் காட்டும்.

மாற்றாகத் தானியங்கி டிஜிட்டல் கருவி வாங்கும்போது அதன் துல்லியத்தைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 81060-2 படி நடந்த சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். பொதுவான சோதனைக்கு 85 பேராவது வேண்டும். சராசரிப் பிழை 5 மி.மீ.-க்குள்ளும், திட்ட விலக்கம் (பிழைகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 8 மி.மீ.-க்குள்ளும் நிற்க வேண்டும். அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். கைப்பட்டையையும் பல அளவுகளில் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.