கம்ப்ரசர் சூட்டை மீட்க அரசு வட்டி மானியம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

காற்றை அழுத்தித் தரும் ஏர் கம்ப்ரசரோ, அதன் சூட்டை மீட்கும் கருவியோ விற்க வருகிறவர் "சார், சென்ட்ரல் கவர்மென்ட் மானியம் இருக்கு, பாதிப் பணம் திரும்பி வந்துடும்" என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் அடீட்டி (ADEETIE) திட்டத்தை, அதாவது எரிசக்தியை மிச்சப்படுத்தும் கருவி வாங்க குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உதவும் திட்டத்தை. மத்திய மின்துறை 2025 ஜூலையில் தொடங்கியது, 2027-28 வரை ஓடும், ஒதுக்கீடு 1000 கோடி. அதில் கிடைப்பது வாங்கும் கடனுக்கு வட்டி மானியம்தான்: குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனத்துக்கு 3. இயந்திர விலையில் பாதியெல்லாம் யாரும் தரமாட்டார்கள்.

ஜவுளி, ஃபவுண்டரி (உலோக வார்ப்பு), உணவு பதப்படுத்துதல் என்று 14 துறைகள் உண்டு. ஆனால் துறை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, முதல் கட்டத்தில் எடுத்திருப்பது 60 தொழில் கிளஸ்டர்களை, அதாவது ஒரே தொழில் கூடியிருக்கும் பகுதிகளைத்தான், அதில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் வேண்டும். அது இலவசம், இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் ஏஜென்டை அனுப்பிவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது 10 சதவீத விதியில். புதுக் கருவியால் குறைந்தது 10 சதவீத எரிசக்தி மிச்சம் என்று காட்ட வேண்டும். எதில் 10 சதவீதம் என்பதை எரிசக்தி ஆடிட்டர் அறிக்கையில் தெளிவாக எழுத வைத்துவிடுங்கள். ஃபவுண்டரியில் கரண்டில் பெரும்பகுதியை ஃபர்னஸ் தின்றுவிடும், பெரிய ஏர் டேங்க் வைத்து, பிரஷரை 1 பார் இறக்கி, கம்ப்ரசர் கரண்டில் 6 முதல் 10 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மொத்த பில்லில் அது கண்ணுக்கே தெரியாது. கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை, இன்றைக்கே ஒன்று மாட்டுங்கள்.

சூடு மீட்பில் சிக்கல் வேறு மாதிரி. கம்ப்ரசர் இழுக்கும் கரண்டில் 80 சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் வெளியே போகிறது. அதைப் பிடித்து பாய்லர் தண்ணீரைச் சூடாக்கினால் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சுமார் 1 சதவீத எரிபொருள் மிச்சம். நல்ல விஷயம்தான், ஆனால் குறைவது ஈபி பில் இல்லை, விறகுச் செலவு. விறகை ரொக்கத்துக்கு வாங்கி, பில்லே இல்லாமல் எரித்த யூனிட் பழைய செலவை எதை வைத்து நிரூபிக்கும்? பில்லும் எடைச் சீட்டும் இனியாவது கேட்டு வாங்கி வையுங்கள். சுடுதண்ணீரே தேவைப்படாத இடத்தில் இந்தக் கருவி வெறும் இரும்பு.

ஆர்டர் போட்டுவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். எரிசக்தி ஆடிட், திட்ட அறிக்கை, கடன், பொருத்துதல், அப்புறம் அளந்து சரிபார்ப்பு, இதுதான் வரிசை. ஆடிட்டுக்கென்றே திட்டத்தில் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் அதைக் கேட்காமல் கைக்காசைக் கொட்ட வேண்டாம்.

ஈபி இணைப்பு அப்பா பெயரில், ஜிஎஸ்டி மகன் பெயரில், உத்யமில் கம்பெனி பெயர் ஒரு எழுத்து மாறி. இந்த ஒரு எழுத்துக்காக மனிதர்களை மாதக்கணக்கில் நடக்கவிடுகிறார்கள். எல்லாவற்றையும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

பேங்கில் "சர்குலர் வரலை" என்பார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் பேங்கின் மண்டல அலுவலகத்துக்கோ மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்துக்கோ ஆதாரத்தோடு புகார் போடலாம்.