'நன்றி: இணையம்' என்று போட்டால் படம் அவர்களுடையது ஆகிவிடுமா?

படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு மாவட்டங்களில் வேலை பார்க்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இடுப்பளவு வெள்ளத்தில் நின்று எடுத்த படம் மறுநாள் வேறொரு இதழில் வந்திருக்கும். ஓரத்தில் இருந்த பெயர் வெட்டப்பட்டிருக்கும். கீழே 'நன்றி: இணையம்' என்றிருக்கும். இணையம் எந்த ஊர் வெள்ளத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றது என்று யாரும் கேட்பதில்லை. எடுத்தவர் போய்க் கேட்டால், "நீங்கள் படத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று எதிர்க்கேள்வி வரும். அவரும் பேசாமல் திரும்பிவிடுவார்.

திரும்ப வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, புகைப்படத்தின் ஆசிரியர், அதாவது அதைப் படைத்தவர், அதை எடுத்தவர்தான். படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டுகளும் நீடிக்கும். சட்டத்தின் வரலாறு இதற்கு மேல் நமக்குத் தேவையில்லை. 17ஆம் பிரிவைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பலர் உரிமையை இழப்பது அங்கேதான்.

படத்தின் ஆசிரியர் நீங்களே என்றாலும் உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். ஒருவர் பணம் கொடுத்து, கேட்டு, எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் அவரே என்கிறது 17ஆம் பிரிவு. வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. திருமணப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. அந்த ஆல்பத்தின் பதிப்புரிமை பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீட்டாருடையது. மணமக்களின் படத்தை ஸ்டுடியோ விளம்பரப் பலகையில் போட்டுவிட்டு, பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்ததும் திகைப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவன விழா, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, அரசுத் துறையின் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பரிகாரம் எளிது: முன்பணம் வாங்கும்போதே 'பதிப்புரிமை புகைப்படக்காரருடையது, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்' என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம். ரசீதின் கீழே ஒரு வரியும் எதிர்த்தரப்பின் கையெழுத்தும் போதும். அதுவும் முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் அவர் 'சரி' என்று எழுதிய பதிலாவது கையில் இருக்கட்டும்.

செய்தித்தாளில் சம்பளத்துக்கு இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் வேலையின் பகுதியாக எடுக்கும் படத்தின் மீது நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது பத்திரிகையில் வெளியிடுவதற்கான உரிமை மட்டுமே. புத்தகம், கண்காட்சி, நாட்காட்டி போன்ற மற்றவை எடுத்தவருக்கே. நிர்வாகங்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பணி நியமன ஆணையில் 'எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் நிலைமை மாறிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்தான் சம்பளமும் இல்லாத, அடையாள அட்டையும் இல்லாத பகுதிநேரப் புகைப்படக்காரர். தானாகப் போய் எடுத்து அனுப்பினால் உரிமை அவருடையது. அலுவலகம் போன் செய்து "அந்தத் தீ விபத்துக்குப் போங்கள், பணம் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால், நாங்கள் எடுக்கச் சொன்ன படம்தானே என்று அது வாதாடலாம். அதனால் படத்தை அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் 'ஒருமுறை வெளியிட மட்டும்' என்று எழுதுங்கள். பழகிய பத்திரிகை ஆசிரியர் என்று கூச்சப்படாதீர்கள், அவர் நாளை வேறு பத்திரிகைக்குப் போய்விடுவார்.

"படத்தைத்தான் வாங்கிவிட்டோமே" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். உரிமையை முழுதாக மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எழுதியதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இது தெரிந்ததால்தான் பெரிய நிறுவனங்கள் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று பொடி எழுத்தில் அச்சடித்து நீட்டுகின்றன. புகைப்படப் போட்டிகளின் விதிமுறைகளிலும் இதே வாசகம் ஒளிந்திருக்கும். ஆறுதல் பரிசுக்கு ஆசைப்பட்டு நல்ல படத்தைத் தாரை வார்த்தவர்கள் பலர். ஆனால் பெயரை அவர்களால் பறிக்க முடியாது. உரிமை கைமாறிய பிறகும் 'இது நான் எடுத்தது' என்று உரிமை கோர 57ஆம் பிரிவு இடம் தருகிறது.

இனி அலுவலகங்கள். பதிப்புரிமைப் பதிவுக்காகச் சென்னை கிண்டியில் இருக்கும் அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே காப்புரிமையும் வணிகச் சின்னமும் புவிசார் குறியீடும்தான் பார்ப்பார்கள். பதிப்புரிமை அலுவலகம் நாட்டிலேயே ஒன்றுதான், அதுவும் டெல்லியில். விண்ணப்பத்தை இணையவழியில் நீங்களே போடலாம். ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். இதற்கே சில முகவர்கள் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். விண்ணப்பித்ததும் ஒரு நாட்குறிப்பு எண் கிடைக்கும். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். குறை இருந்தால் கடிதம் மின்னஞ்சலில்தான் வரும், அதைப் பார்க்காமல் விட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

படத்தைப் பொருள்களிலோ சேவைகளிலோ பயன்படுத்த முடியும் என்ற வகைக்குள் விண்ணப்பம் போனால், கட்டணம் 2,000 ஆகும். வணிகச் சின்னப் பதிவாளரிடமிருந்து ஒரு சான்று வாங்கி வரவும் சொல்வார்கள். படத்தில் ஒருவரின் முகம் இருந்தால் அவரிடம் ஆட்சேபமின்மைக் கடிதம் வாங்கி வரச் சொல்கிறது அவர்களின் ஆவணப் பட்டியல். தடியடியில் ஓடிக்கொண்டிருந்தவரை எங்கே போய்த் தேடுவது? மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவருக்கு அந்தக் கவலை இல்லை. விற்பனை மதிப்புள்ள ஒன்றிரண்டு படங்களை மட்டும் பதிவு செய்தால் போதும் என்பதே என் கருத்து. வழக்கில் அந்தச் சான்று முதல்நோக்குச் சாட்சியாக, அதாவது எதிர்த்தரப்பு பொய்யென்று காட்டும் வரை ஏற்கப்படும் சாட்சியாக, நிற்கும், அவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் கேட்கப்போகும் முதல் வாக்கியம் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்." இரண்டாவது, "சர்டிபிகேட் இருக்கிறதா?" இரண்டும் தவறு. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது 63ஆம் பிரிவின்படி குற்றம், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். படத்தில் பதித்த பெயரையோ கோப்பில் இருக்கும் விவரங்களையோ தெரிந்தே அழிப்பதை 65பி பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது, புகாரில் அதையும் சேருங்கள். அப்படியும் வாங்க மறுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அடுத்தது மாஜிஸ்திரேட். நேரில் போய் வரிசையில் நிற்பதைவிடத் தபால் ரசீதுக்கு மதிப்பு அதிகம்.

சமூக ஊடகத்தில் திருடப்பட்டால் முதலில் அந்தத் தளத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அந்தப் படம் கிடைக்காமல் செய்ய வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். படம் மறைந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் இங்கே கோட்டை விடுகிறார்கள். டெல்லி, மும்பை நிறுவனம் என்றாலும் பயம் வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு வழி விடுகிறது.

எதிர்த்தரப்பு எடுக்கும் கேடயம் 'நடப்புச் செய்திக்காக நியாயமாகப் பயன்படுத்தினோம்' என்பது. 52ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே உண்டு. அது முழுப் படத்தையும் பெயரை வெட்டி அட்டையில் போடுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. அதே சமயம், நீங்கள் எடுத்த காட்சியைப் பக்கத்தில் நின்றவரும் எடுத்திருந்தால் அதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். 1984இல் போபால் விஷவாயுக் கசிவில் இறந்து அடக்கம் செய்யப்பட்ட குழந்தையின் முகத்தைப் புகைப்படக்காரர்கள் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் படம் எடுத்தார்கள். இரண்டும் புகழ்பெற்றன, அவரவர் படம் அவரவருடையது. சட்டம் காக்கும் பொருள் உங்கள் படம், எதிரே நடந்த நிகழ்ச்சி அல்ல.

சாட்சியம் இல்லாமல் எதுவும் நகராது. வெட்டாத, திருத்தாத மூலக் கோப்பை, முடிந்தால் ரா வடிவிலேயே (கேமரா பதிந்த அப்படியே இருக்கும் கோப்பு), இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் விவரங்கள் போய்விடும். திருடிய பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய உடனே படமெடுத்து வையுங்கள், நோட்டீஸ் போன அன்றே அது காணாமல் போகும். அச்சிதழ் என்றால் ஒரு பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்தில் மின்னணு நகலுடன், பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும். அதில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணரின் பகுதி ஒன்று. வக்கீலிடம் இதை முதல் நாளே கேளுங்கள்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. ட்விட்டரில் இருந்து எடுக்கப்பட்ட ஹெய்ட்டி நிலநடுக்கப் படங்களுக்காக அவற்றை எடுத்த புகைப்படக்காரர் டேனியல் மொரேலுக்கு 2013இல் அமெரிக்க நீதிமன்ற ஜூரி 12 லட்சம் டாலர் வழங்கியது. அங்கே நட்டத்தை நிரூபிக்காமலே கேட்கக்கூடிய தொகையைச் சட்டமே வகுத்திருக்கிறது. இங்கே அப்படி இல்லை, நட்டத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் படத்தின் விலைக்கு அவைதான் சாட்சி. முதல் கடிதத்தோடு வழக்கமான விலையில் ஒரு பில்லையும் இணைத்து, ஆசிரியர், நிர்வாகம் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "அடுத்த மாதம் பேசலாம்" என்று இழுத்தடிப்பார்கள். நட்டஈட்டு வழக்குக்குக் கெடு, உங்கள் அனுமதியில்லாமல் படம் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது.