ஜீட்டருக்கு எட்டாத பந்துகள்

2005இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் டெரெக் ஜீட்டர் தங்கக் கையுறை விருதை வாங்கினார். ஷார்ட்ஸ்டாப் என்பது உள்மைதானத்தில் நிற்கும் ஒரு ஃபீல்டரின் இடம். அமெரிக்கன் லீகின் ஷார்ட்ஸ்டாப்களில் சிறந்த ஃபீல்டர் இவர்தான் என்று மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தந்த விருது அது. அதே ஆண்டு ஆட்டங்களை வீடியோவில் பார்த்துப் பந்து பந்தாகக் குறித்த ஜான் டூவனின் குழுவோ, ஒரு சராசரி ஷார்ட்ஸ்டாப் அவுட் ஆக்கியிருக்கக்கூடியதைவிட ஜீட்டர் 34 பந்துகள் குறைவாக ஆக்கினார் என்று கணக்குக் காட்டியது. பட்டியலில் அவர் இருந்தது அடிமட்டத்தில். ஹூஸ்டன் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஆடம் எவரெட் அதே ஆண்டு சராசரியைவிட 33 பந்துகள் கூடுதலாக ஆக்கினார்.

ஜீட்டர் தகுதிக்கு மேல் கொண்டாடப்பட்டவரா என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே ஆட்டங்களைத்தான். ஆனால் ஒரு தரப்பு அவர் பிடித்த பந்துகளை எண்ணியது, மறு தரப்பு அவரைத் தாண்டிப் போனவற்றையும் சேர்த்து எண்ணியது.

ஷார்ட்ஸ்டாப் நிற்பது, பேட்டர் வரிசையாகத் தொட்டு ஓடும் பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, பேட்டரிடமிருந்து ஏறத்தாழ 44 மீட்டரில். வலக்கை பேட்டர் 27.4 மீட்டர் ஓடி முதல் பேஸைத் தொடச் சராசரியாக 4.3 நொடி எடுக்கிறார். அதற்குள் பந்தை முதல் பேஸுக்கு எறிந்து சேர்த்தால்தான் அவுட், ஷார்ட்ஸ்டாப்புக்கு இருக்கும் மொத்த நேரமும் அவ்வளவுதான். வேகமாக அடித்த தரைப்பந்து வந்துசேர ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். கையுறையிலிருந்து எடுத்து எறிகைக்கு மாற்ற முக்கால் முதல் ஒரு நொடி. மணிக்கு 130 கிலோமீட்டரில் எறிந்தாலும் முதல் பேஸை அடைய இன்னொரு 1.2 நொடி. மிஞ்சுவது அரை நொடிக்குச் சற்று மேல்.

முதல் அடி எடுத்துவைப்பதில் பத்தில் ஒரு நொடி தாமதித்தால் ஃபீல்டரின் எல்லை இரு பக்கமும் அரை மீட்டர் சுருங்கிவிடும். ஜீட்டரின் குறை இங்கேதான், அதிலும் தன் இடப்பக்கம், அதாவது இரண்டாவது பேஸை ஒட்டி மைதானத்தின் நடுவே போகும் பந்துகளில். வலப்பக்கம் ஆழமாக ஓடி, பந்தை அள்ளி, அந்தரத்தில் உடலைத் திருப்பி எறிவது அவருடைய கையெழுத்து. பார்க்க அவ்வளவு அழகு. முதல் அடி சீக்கிரம் விழும் ஃபீல்டர் அவற்றில் சிலவற்றைக் குதிக்காமலே காலூன்றி எறிந்திருப்பார், அதை யாரும் படம் பிடித்து ஒட்டியிருக்க மாட்டார்கள்.

கண்ணை நம்பியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 160 ஆட்டத்தில் 34 பந்து என்றால் ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று. அது தவறு போலவும் தெரியாது, ‘நல்ல ஷாட், இடைவெளியில் போய்விட்டது’ என்றுதான் தோன்றும். ஃபீல்டிங் சதவீதம் என்ற பழைய அளவுகோலும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால்தான் பிழை, கைக்கு எட்டாவிட்டால் கணக்கே இல்லை. கிரிக்கெட்டில் நழுவிய கேட்ச் ஃபீல்டரின் பெயரில் விழுகிறது, எட்டாத கேட்ச் பேட்ஸ்மேனின் பவுண்டரி ஆகிவிடுகிறது, அதுபோலத்தான். ஜீட்டரின் வாழ்நாள் சதவீதம் .976, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 976ஐப் பிழையின்றி முடித்தார். நல்ல எண்தான். மெதுவாக நகர்பவருக்கும் கை சுத்தமாக இருக்கலாம்.

எட்டாத பந்தை எண்ண, மைதானத்தைச் சிறு மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பந்தும் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போனது என்று பதிகிறார்கள். ஒரு மண்டலத்தில் ஒரு வேகத்தில் வந்த 100 பந்துகளில் லீகின் ஷார்ட்ஸ்டாப்கள் 40ஐ அவுட் ஆக்கியிருந்தால் அதன் நிகழ்தகவு 0.4. அப்படி ஒன்றைப் பிடித்தால் 0.6 வரவு, விட்டால் 0.4 செலவு. எல்லோரும் பிடிக்கும் 0.95 பந்தை விட்டால் கிட்டத்தட்ட ஒரு முழுப் பந்தே செலவு. பருவம் முழுதும் கூட்டினால் சராசரியிலிருந்து எத்தனை பந்து மேலே, எத்தனை கீழே என்பது வந்துவிடும். அவுட் ஆகவேண்டியது சிங்கிள் ஆகும்போது, அதாவது பேட்டர் முதல் பேஸை அடைந்துவிடும்போது, எதிரணிக்குச் சராசரியாக முக்கால் ரன் லாபம். 34 பந்து என்றால் ஏறக்குறைய 25 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற வழக்கமான மாற்று விகிதத்தில் இரண்டரை வெற்றி.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. பந்து விழுந்த இடத்தை வீடியோ பார்த்து மனிதர்தான் குறித்தார், கேமராக் கோணம் மாறினால் குறிப்பும் மாறும். ஃபீல்டரை முதலில் எங்கே நிறுத்தினார்கள் என்பது அவருடைய திறமையா, பயிற்சியாளரின் முடிவா என்று பிரித்தறிய முடியாது. மூன்றாவது பேஸ்காரர் குறுக்கே பாய்ந்து எடுத்துவிட்டால் ஷார்ட்ஸ்டாப்பின் வாய்ப்பே காணாமல் போகிறது. ஓராண்டு எண்ணில் தற்செயலின் பங்கு அதிகம், மூன்று ஆண்டுகளாவது சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஜீட்டர் விஷயத்தில் சந்தேகம் கரைவதற்குக் காரணம், வெவ்வேறு வழியில் போனவர்களும் ஒரே இடத்தில் வந்து நின்றதுதான். புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ மண்டலங்களையே தொடவில்லை. அதே பிட்சர்களுக்கு (பந்தெறிபவர்களுக்கு)ப் பின்னால் ஜீட்டர் நின்றபோதும் வேறு ஷார்ட்ஸ்டாப்கள் நின்றபோதும் எத்தனை பந்து அவுட் ஆனது என்று மட்டும் ஒப்பிட்டார். 2008இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்று வேறொரு புள்ளியியல் மாதிரியைக் கொண்டு பார்த்தது. எல்லாமே அவரைக் கீழேதான் வைத்தன. 2004இல் யாங்கீஸுக்கு வந்த அலெக்ஸ் ரோட்ரிகஸ் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் ஷார்ட்ஸ்டாப்பாகத் தங்கக் கையுறை வாங்கியவர். ஆனாலும் மூன்றாவது பேஸுக்கு நகர்ந்தவர் அவர்தான், ஜீட்டர் அல்ல.

இதோடு நிறுத்தினால் அது அநியாயம். ஆட்டக்காரரின் முழு மதிப்பில் ஃபீல்டிங் ஒரு பங்குதான். 3,465 ஹிட் (பேஸை அடையவைத்த அடி), .310 சராசரி (ஆயிரம் முயற்சியில் 310 ஹிட்), .377 விகிதத்தில் பேஸை அடைந்தது என்று ஜீட்டரின் மட்டை பேசுகிறது. சராசரி பேட்டரைவிட அவர் கூடுதலாகத் தந்தது வாழ்நாளில் 350 ரன் அளவு. கையுறையில் இழந்தது, ஒரு கணக்கின்படி, 240க்கும் மேல். ஆக மட்டை சம்பாதித்ததில் மூன்றில் இரண்டு பங்கைக் கையுறை செலவழித்துவிட்டது. ஆனால் முதல் பேஸில் நன்றாக அடிப்பவர் எளிதில் கிடைப்பார், ஷார்ட்ஸ்டாப்பில் கிடைப்பது அரிது. அதனால் அந்த இடத்தில் ஆடுவதற்கே தனி வரவு உண்டு. ஒரு கணக்கு முறையில் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆண்டுக்கு 7.5 ரன் கூட்டுகிறார்கள், முதல் பேஸ்காரருக்கு 12.5 கழிக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கும் மாற்று ஆளோடு ஒப்பிட்டு, பேஸ்களுக்கிடையே ஓடிப் பெற்றதையும் சேர்த்து, எல்லாவற்றையும் வெற்றிகளாக மாற்றினால் ஜீட்டரின் மொத்தம் சுமார் 71 வெற்றி.

‘நெருக்கடியில் அவர் வேறு ஆள்’ என்பது ரசிகர்களின் கடைசி ஆயுதம். வழக்கமான பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில் அவர் ஆடியது 158 ஆட்டம், கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம். சராசரி .308, பேஸை அடைந்த விகிதம் .374. பலமான பிட்சர்களுக்கு எதிரே தரம் இறங்காமல் நின்றது பெரிய விஷயம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது அதே ஜீட்டர்தான், வேறு ஆள் அல்ல.

அந்த 71ஐ சின்சினாட்டியின் பாரி லார்கின், டெட்ராய்ட்டின் ஆலன் டிராம்மெல் ஆகியோரின் பக்கத்தில் வைக்க வேண்டும். இருவரும் ஷார்ட்ஸ்டாப்கள், இருவரின் மொத்தமும் 70க்குச் சற்று மேல். கையுறையில் இருவருமே ஜீட்டரைவிட வெகு மேலே, மட்டையில் வாழ்நாள் மொத்தத்தில் கீழே. 2020இல், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமின் வாக்கெடுப்பில் ஜீட்டருக்கு 397 விளையாட்டு எழுத்தாளர்களில் 396 பேர் வாக்களித்தார்கள். லார்கின் மூன்றாவது முயற்சியில் உள்ளே போனார். 75 சதவீதம் தேவைப்பட்ட டிராம்மெல்லுக்கு 15 ஆண்டில் அதிகபட்சமாகக் கிடைத்தது 41 சதவீதம்கூட இல்லை. கடைசியில் ஒரு தனிக்குழுதான் அவரை உள்ளே எடுத்தது. ஜீட்டரை ஏற்றிவைத்ததைவிட டிராம்மெல்லை இறக்கிவைத்ததுதான் அந்த வாக்குச்சீட்டுகளின் பெரிய பிழை.