படலையடியில் கடித்த நாயும் பசிவ் வொய்ஸும்

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். போன கிழமை பின்னேரம் ஆங்கிலக் கொப்பியோடு வந்தாள். ஒரு பக்கம் முழுக்க அட்டவணை: இடப்பக்கம் செய்வினை, வலப்பக்கம் செயப்பாட்டுவினை (பசிவ் வொய்ஸ்), காலத்துக்கு ஒரு வரி. "இவ்வளவத்தையும் பாடமாக்க வேணுமாம்" என்றாள். முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

பாடமாக்கத் தேவையில்லை. அந்த அட்டவணைக்குள் இருப்பது ஒரே ஒரு விதிதான். ஆனால் ஆங்கிலத்துக்கு இந்த மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்று தெரிந்தால்தான் விதி மனதில் நிற்கும்.

படலையடியில் நாய் கடித்துவிட்டது என்று வைப்போம். அம்மா என்ன சொல்லிக்கொண்டு ஓடிவருவார்? "ஐயோ, தம்பியை நாய் கடிச்சுப் போட்டுது!" அவருக்கு நாயைவிடத் தம்பிதான் பெரிது, அதனால் அவன் முன்னுக்கு வருகிறான். "நாய் தம்பியைக் கடிச்சுப் போட்டுது" என்று மாற்றிச் சொன்னாலும் கடிபட்டவன் தம்பிதான். அவனோடு ஒட்டியிருக்கும் 'ஐ' உருபு அவனை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆங்கிலத்தில் அந்த ஒட்டு இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து, ஹீ–ஹிம், தே–தெம் போன்ற பிரதிப்பெயர்களில்தான் இந்த வேறுபாடு மிஞ்சியிருக்கிறது. மற்றச் சொற்களுக்கு நிற்கும் இடம்தான் அடையாளம். 'த டோக் பிட் மை பிரதர்' என்பதில் இரண்டு பேரையும் இடம் மாற்றினால் தம்பி நாயைக் கடித்துவிடுவான்! தம்பியை முன்னுக்கும் கொண்டுவர வேண்டும், கடியும் அவனுக்கே விழ வேண்டும் என்றால் வினைச்சொல்லைத் திருத்துவதுதான் வழி: 'மை பிரதர் வோஸ் பிட்டன்'. தமிழில் ஓர் உருபு பார்த்துவிடுகிற வேலைக்கு ஆங்கிலம் வினையையே பிரித்துப் பூட்டுகிறது.

சரி, இனி விதி. முதன்மை வினைக்குச் சரியாக முன்னால் 'பி' என்ற துணைவினையைக் கொண்டுவந்து வையுங்கள். முதன்மை வினை போட்டிருந்த சட்டையைக் கழற்றி 'பி'க்குப் போடுங்கள். முதன்மை வினைக்கு மூன்றாம் வடிவம் என்ற புதுச்சட்டை. அவ்வளவுதான்.

'ஈட்–ஏட்–ஈட்டன்' என்ற வினையைப் பாருங்கள். இதில் 'ஏட்' இறந்தகாலச் சட்டை போட்டிருக்கிறது. அதை 'பி' வாங்கினால் 'வோஸ்', சாப்பாட்டு வினை 'ஈட்டன்': வோஸ் ஈட்டன். 'இஸ் ஈட்டிங்' என்பதில் 'இங்' கைமாறி 'இஸ் பீயிங் ஈட்டன்' ஆகிறது. 'ஹாஸ் ஈட்டன்' என்றால் 'ஹாஸ் பீன் ஈட்டன்'. 'வில் ஈட்' என்றால் 'வில் பி ஈட்டன்'. முன்னால் நிற்கிற 'ஹாஸ்', 'வில்' எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முன்னுக்கு வந்த புது எழுவாய் பன்மையானால் 'இஸ்' 'ஆர்' ஆகும், 'ஹாஸ்' 'ஹாவ்' ஆகும். பிள்ளை பேனையை எடுத்து அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை.

தமிழிலும் செயப்பாட்டுவினை உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது இலக்கணச் சுருக்கத்தில் அதைப் 'படு' விகுதியோடு விளக்குகிறார். ஆனால் 'படு' வந்த இடமெல்லாம் செயப்பாட்டுவினை என்று நம்பிவிடக் கூடாது. பயப்படுகிறவனை யாரும் 'பயக்கவில்லை'. வீட்டுப் பேச்சில் நாங்கள் உண்மையான செயப்பாட்டுவினையைத் தொடுவதே அரிது. அது அறிவித்தல் பலகைக்குரியது: 'கூட்டம் பிற்போடப்பட்டுள்ளது.' பிற்போட்டவர் யார் என்று பலகை சொல்லாது.

இதனால்தான் செயப்பாட்டுவினை ஆளை ஒளிக்கிற வடிவம் என்று அதற்குக் கெட்ட பெயர். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 'எரிந்தது', 'எரிக்கப்பட்டது' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆள் பெயர் இல்லை. இப்போது 'காப்புறுதிக் காசுக்காக' என்பதைச் சேருங்கள். 'காப்புறுதிக் காசுக்காகக் கடை எரிக்கப்பட்டது' சரியாகப் போகிறது. 'காப்புறுதிக் காசுக்காகக் கடை எரிந்தது' காதில் இடறுகிறது. காசுக்கு ஆசைப்பட ஓர் ஆள் வேண்டும். 'எரிந்தது' என்ற சொல்லுக்குள் ஆள் இல்லை. 'எரிக்கப்பட்டது' என்பதற்குள் பெயர் சொல்லாத ஒருவர் நிற்கிறார். ஆங்கிலத்திலும் 'பேர்ன்ட்', 'வோஸ் பேர்ன்ட்' இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அழிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் 'எரிஞ்சது' என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "எரிச்சது" என்று திருத்துவார்.

அப்புறம் இன்னொன்று. நேர்முகப் பரீட்சைகளில் எங்கள் பிள்ளைகள் 'ஐ போர்ன் இன் ஜஃப்னா' என்று சொல்லிவிடுவார்கள். 'பிறந்தேன்' என்பது தமிழில் பிறந்தவரின் செயல், அதனால் வருகிற வழுக்கல் இது. ஆங்கிலத்தில் 'ஐ வோஸ் போர்ன்'. 'போர்ன்' என்பது பெற்றெடுத்தல் என்ற பொருளுள்ள 'பெயார்' வினையின் மூன்றாம் வடிவம், அதனால்தான் 'வோஸ்' வேண்டியிருக்கிறது.

"அப்ப செய்தது ஆர்?" என்று கேட்டாள் பிள்ளை. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.